சென்னையில் எங்கே?

(முடிச்சூரில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் "சென்னை" என்பேன். "சென்னையில எங்க?" "தாம்பரம்." "தாம்பரத்துல?" "முடிச்சூர்." இத்தோடு பேச்சு முடிய வேண்டும். முடியாது. "முடிச்சூர்ல எந்தப் பக்கம்?" என்று நான்காவது கேள்வி வரும். சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு வீட்டுக்கார அம்மா இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டார். நான்காவதற்குப் பதில் சொன்னதும், "சொந்தக்காரங்க வர்றாங்கப்பா" என்றார். அடுத்த வாரமும் 'டு லெட்' அட்டை அங்கேயே தொங்கியது.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'சென்னையா, மெட்ராஸா?'. நான் பேச விரும்புவது அந்த நான்காவது கேள்வியைப் பற்றி. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

'சென்னை தமிழ்ப்பெயர், மெட்ராஸ் வெள்ளைக்காரன் வைத்த பெயர்' என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாறு அவ்வளவு நேராக இல்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை நிலத்தைக் கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் என்ற தெலுங்குத் தலைவர். அவருடைய அப்பா பெயர் சென்னப்ப நாயக்கர். அப்பா பெயரால் வந்ததே சென்னப்பட்டணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மெட்ராஸோ கம்பெனி வருவதற்கு முன்பே இருந்த பெயர். கிருஷ்ணகிரி மாவட்டம் பெண்ணேஸ்வரமடத்தில் கிடைத்த 1367ஆம் ஆண்டு விஜயநகரக் கல்வெட்டிலேயே 'மாதரசன்பட்டணம்' என்ற துறைமுகம் வருகிறது. 1996இல் கலைஞர் ஆட்சியில் அதிகாரபூர்வப் பெயர் சென்னை ஆனது. உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் இன்றும் ஆங்கிலத்தில் மெட்ராஸ்தான்.

பெயர் மாற்றியதை நான் குறை சொல்லவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பெயர் அரசாங்கப் பெயராவது நியாயம். ஆனால் நாம் சண்டை போடுவதெல்லாம் முகவரியின் கடைசி வரியில் இருக்கும் நகரத்தின் பெயருக்காக. முதல் வரியில் இருக்கும் தெருவின் பெயருக்கு யார் சண்டை போட்டார்கள்?

இந்த நகரம் பிறந்தபோதே பிரிந்து பிறந்தது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். அதற்கு வடக்கே கறுப்பர் நகரம். இது வெள்ளைக்காரன் செய்த பிரிவினை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கறுப்பர் நகரத்துக்குள் நாம் செய்த பிரிவினையைச் சொல்வதில்லை. வலங்கைச் சாதிகளும் இடங்கைச் சாதிகளும் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று அடித்துக்கொண்டார்கள். 1707இல் கவர்னர் தாமஸ் பிட் காலத்துக் கலவரம் அதில் பெரியது. பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே இருந்தது, ஆங்கிலேயர் பதிவுகளில் வரும் 'பெரிய பறச்சேரி'. கறுப்பர் நகரம் என்ற பெயரைப் பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று மாற்றினார்கள். சேரிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

'சேரி' என்ற சொல்லில் இழிவு எதுவும் இல்லை. மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் இருக்கிறது, கம்மாளர்கள் குடியிருந்த கம்மாணசேரியும் இருக்கிறது. இன்றைக்கு 'வேளச்சேரியில் ஃபிளாட் வாங்கினேன்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். புதுச்சேரி ஒரு தலைநகரம். அங்கெல்லாம் சேரி உறுத்தாது. 'காலனி'யும் இப்படித்தான். ரயில்வே காலனி, ஆபீசர்ஸ் காலனி என்றால் கௌரவம். வெறும் 'காலனி' என்றால் குரலே மாறிவிடும். அப்படியானால் இழிவு சொல்லில் இருக்கிறதா, சொல்கிறவர் மனதில் இருக்கிறதா?

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் அந்தச் சொல்லைச் சுமந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, தனிச் சுடுகாடும் தனித் தண்ணீர்த் தொட்டியும் அப்படியே இருந்தால், நாளைக்கு அந்தப் புதுப் பெயரே அடையாளமாகிவிடும். 'ஓ, அந்த நகரா?' என்று கேட்பார்கள்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெரும்பாக்கத்தைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூரையும் மூழ்கடித்தது, அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களையும் மூழ்கடித்தது. அதன் பிறகு ஆக்கிரமிப்பு என்று சொல்லி, அந்தக் கரைகளில் வாழ்ந்த ஏராளமான குடும்பங்களைப் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பகுதி தலித் மக்கள், அந்த நகரத்தின் குப்பையை அள்ளியவர்கள், கட்டடங்களைக் கட்டியவர்கள். ஒரே நாளில் மாவட்டமே மாறிப்போனது. இன்று அவர்களுக்கும் நமக்கும் மாவட்டம் செங்கல்பட்டுதான். ஆனால் முடிச்சூரில் மனை வாங்குகிறவர் சென்னைக்குள் வருகிறார். பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர் சென்னையிலிருந்து வெளியேற்றப்படுகிறார். சென்னை என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இதுதான்.

நம் முன்னோடிகள் பெயர் விஷயத்தில் ஏமாந்தவர்கள் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இதே சென்னையில் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். வசையாக வீசிய சொல்லையே தலைப்பில் வைத்தார். 1907இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். தமிழன் என்ற பெயர் எங்களுடையது என்றார். பக்கத்துப் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா 1922இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்று எழுதவைத்தார். மூவரின் வழியும் வேறு. ஆனால் மூவரும் தங்கள் பெயரை அடுத்தவர் வைக்கக் காத்திருக்கவில்லை.

அதனால் தோழர்களே, மெட்ராஸ் என்று சொல்லுங்கள், சென்னை என்று சொல்லுங்கள், எனக்கு வழக்கில்லை. வடசென்னைப் பிள்ளைகள் மெட்ராஸ் என்பதைத் தங்கள் அடையாளமாகப் பாடுகிறார்கள். அதுவும் அழகுதான். உங்கள் தெருவுக்குப் பெயர் மாற்ற யாராவது வந்தால் மட்டும் இரண்டு விஷயம் கேளுங்கள். பெயரை இங்கே வாழ்கிறவர்கள் முடிவு செய்கிறோமா? பெயரோடு சேர்த்துச் சுடுகாட்டுப் பாதையும் பொதுவாகிறதா?

நான்காவது கேள்வியை யாரும் கேட்காத நாள் வரட்டும். அன்றைக்கு "எந்த ஊரு?" என்றால் "சென்னை" என்ற ஒரு பதில் நமக்கும் போதும்.