அயலானும் அவன் கூலியும்

(கண்டி நகரில் நிகழ்த்தப்பெற்ற நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கிறிஸ்தவ ஒழுக்கத்தின் அடிப்படைகள் என்னும் பொருளை இவ்வறக்கட்டளையின் நிர்வாகிகள் எனக்கு வழங்கியபோது, அதனை எவ்விடத்துக்கும் பொதுவான ஒரு சித்தாந்தமாக மட்டும் விரித்துரைப்பதில் எனக்கு விருப்பம் இருக்கவில்லை. நெறி என்பது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் மாந்தர் ஒருவருக்கொருவர் செய்வதிலும் செய்யத் தவறுவதிலும் புலப்படுவது. ஆதலால், தலதா மாளிகையும் அதன் அருகிலேயே தூய பவுல் ஆலயமும் நிற்கின்ற இந்நகரத்திலும், இதனைச் சூழ்ந்துள்ள தேயிலை மலைகளிலும், கிறிஸ்துவின் திருநாமத்தைத் தரித்தவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தவற்றையும் செய்யாது விட்டவற்றையும் சான்றாக வைத்தே இன்று பேச எண்ணுகிறேன்.

கிறிஸ்தவ ஒழுக்கம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது விலக்குகளின் நீண்ட நிரல். குடிக்கலாகாது, சூதாடலாகாது, பொய்யுரைக்கலாகாது, இச்சையின் வழி நடக்கலாகாது என்று ஞாயிறு பாடசாலையில் கற்ற விதிகளை நான் அற்பமென்று கருதவில்லை. சம்பள நாளன்று சாராயக் கடையில் குடும்பத்தின் சோறு கரைந்துபோவதைத் தோட்டப்புறத்தில் கண்டறிந்த எவரும் அவ்வாறு கருதமாட்டார். ஆயினும் அவ்விதிகளுக்கு அடியில் கிடக்கும் அஸ்திவாரம் வேறு. சீனாய் மலையில் அருளப்பட்ட பத்துக் கட்டளைகள் முதல் விலக்கைச் சொல்வதற்கு முன்பாகவே, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்களை மீட்டுக்கொண்டு வந்தவராகக் கடவுள் தம்மை அறிமுகம் செய்துகொள்வதில் தொடங்குகின்றன. விடுதலை முந்தியது, கட்டளை பிந்தியது. அதனாலேதான் மோசேயின் நியாயப்பிரமாணம், அந்நியனையும் விதவையையும் அநாதையையும் ஒடுக்கலாகாது என்று விதிக்கும்போது, எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்களே என்னும் காரணத்தை மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுகிறது. தான் மீட்கப்பட்டதை மறந்தவன் கட்டளைகளை எவ்வளவு நுட்பமாக அனுஷ்டித்தாலும் அவற்றின் உயிரை இழந்தவனாகிறான் என்பதே என் துணிபு.

இந்த அஸ்திவாரத்தின்மேல் எழுந்த விதிகள் எத்துணை மண்ணோடு ஒட்டியவை என்பதைப் பாருங்கள். கூலியாளின் அன்றாடக் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் அவன் ஏழை, அதன்மேலேயே அவன் உயிர் தங்கியிருக்கிறது என்கிறது உபாகமம். அறுவடையின்போது வயலின் ஓரங்களை அரியாமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும் என்பதும், ஐம்பதாம் ஆண்டில் கைமாறிப்போன காணி உரியவனிடம் திரும்பவேண்டும் என்பதும், தராசும் படிக்கல்லும் உண்மையாயிருக்கவேண்டும் என்பதும் லேவியராகமத்தின் விதிகள். பரிசுத்தத்தைப் பற்றி மிக உயர்வாகப் பேசும் அதே பத்தொன்பதாம் அதிகாரந்தான் தராசைப் பற்றியும் பேசுகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி நின்ற ஒரு பெண்ணுக்கு இந்த அதிகாரத்துக்கு வியாக்கியானம் தேவைப்படாது.

புதிய ஏற்பாட்டில் இந்நெறி முழுவதும், கடவுளிடத்தில் அன்பு, அயலானிடத்தில் அன்பு என்னும் இரண்டனுள் அடக்கப்படுகிறது. அயலான் யார் என்று கேட்ட சட்ட அறிஞனுக்கு இயேசு பெருமான் இலக்கணம் எதுவும் வகுத்துரைக்கவில்லை. எரிகோவுக்கு இறங்கும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனையும், விலகிப்போன குருவையும் லேவியனையும், நின்று காயம் கட்டிய சமாரியனையும் பற்றிய கதையைச் சொன்னார். யூதர்கள் அருவருத்து ஒதுக்கிய இனத்தவன் அந்தச் சமாரியன். இந்தக் கதையை இந்நகரத்துத் திரித்துவக் கல்லூரி ஆலயத்தின் சுவரில் ஓவியர் டேவிட் பெயின்டர் தீட்டியிருக்கிறார். கண்டிய மரபுக் கட்டடக் கலையில் எழுந்த அவ்வாலயத்தில், விவிலிய மாந்தரை இந்நாட்டு மாந்தராகவும் இந்நாட்டு நிலக்காட்சியினிடையேயும் அவர் வரைந்த ஓவியங்களின் முன் நிற்கும் மாணவன், எரிகோ வேறெங்கோ இருக்கிறது என்று எண்ணித் தப்பித்துக்கொள்ள முடியாது.

கண்டி அக்கதையை ஓவியத்தில் காண்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே வாழ்வில் கண்டிருக்கிறது. கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார், கரையோரங்களில் ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 ஆம் ஆண்டு ஏழை யாத்திரிகரின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் பயின்று, இரகசியமாகப் பணிசெய்து, 1692 இல் கண்டி இராச்சியத்துக்குள் புகுந்தார். உளவாளி என்னும் சந்தேகத்தின்பேரில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறைப்படுத்தினான். பின்னர், 1697 இல் வைசூரி நகரத்தைப் பற்றிக்கொண்டபோது, மன்னனும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்தச் சுற்றத்தாரே காட்டோரங்களில் கைவிட்டுச் சென்றனர். அவ்வேளையில், சிறையிலிருந்து வெளிவந்த இந்த அந்நியரும் அவருடைய மருமகன் முறையான கர்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்டோருக்குக் குடிசை அமைத்து, உணவு சமைத்துக் கொடுத்து, புண்களைக் கழுவி, இறந்தோரைத் தம் கையாலே அடக்கம் செய்தார்கள். நோயாளியின் சமயம் யாது என்று அவர்கள் பார்க்கவில்லை. பௌத்தர்களே அவர்களில் மிகுதி. 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே அடிகளார் உயிர்நீத்தார். 2015 இல் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அற்புதங்களுக்காக அவரை வணங்குவோர் பலர். என்னைப் பொறுத்தவரை, தம்மைச் சிறையிட்ட நகரத்தின் புண்களைக் கழுவியதைக் காட்டிலும் பெரிய அற்புதம் அவர் வாழ்வில் இல்லை.

இனி, இத்துணை எளிதாகப் புகழ முடியாத ஓர் அத்தியாயத்துக்கு வருகிறேன். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில், தென் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என நடந்தே மலையேறினார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியோரத்தில் விழுந்து கிடந்தோர் எத்தனையோ பேர். இலங்கைக்கும் ஓர் எரிகோ வழி இருந்தது. அம்மக்களிடையே பணிபுரிய 1854 ஆம் ஆண்டில் சேர்ச் மிஷன் சங்கத்தார் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் பணியைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள், தோட்டந்தோறும் நடந்தார்கள், எழுத்தறியாப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். அவர்களுடைய கால்நடையின் களைப்பையும், இந்த மலைகளின் குளிரையும் எண்ணிப்பார்க்கையில் என் தலை தாழ்கிறது.

ஆனால் அப்பணியின் செலவில் பெரும் பங்கைத் தாங்கியவர்கள் தோட்டத் துரைமார்கள். பணம் கொடுப்பவரின் முகத்துக்கு நேரே கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசுவது எவருக்கும் அரிது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால், கங்காணியின் கணக்கிலிருந்த அவன் கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. மனிதனைக் கடனோடு கைமாற்றிய அந்த முறைமை 1921 இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. 1854 இலிருந்து கணக்கிட்டால் அறுபத்தேழு ஆண்டுகள். அத்தனை காலமும் எகிப்திலிருந்து மீட்ட கடவுளின் வார்த்தை அந்த மலைகளில் தமிழில் வாசிக்கப்பட்டுக்கொண்டேயிருந்தது. சமாரியனின் எண்ணெயையும் திராட்சரசத்தையும் தாராளமாகக் கொடுத்த திருச்சபை, துண்டுக்கு எதிராகத் திரண்டெழுந்து நிற்கவில்லை என்பதை நாம் மறைக்கலாகாது. இரக்கம் நீதியைத் தன்னோடு அழைத்துவராதபோது ஒடுக்குகிறவனுக்கும் அது வசதியாகிவிடுகிறது.

இதற்கு மாற்றான சிந்தனை இந்நகரத்துக்கு எட்டாதிருக்கவில்லை. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1891 இல் தொழிலாளர் நிலைமை குறித்து எழுதிய சுற்றுமடலில், சிக்கனமும் நல்லொழுக்கமும் உள்ள ஒரு தொழிலாளி வாழ்வதற்குப் போதாத கூலி, அவனே அதற்கு உடன்பட்டிருந்தாலுங்கூட, அநீதியே என்று நிலைநாட்டினார். அதே பாப்பரசர் ஈராண்டுகள் கழித்து, 1893 இல், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரை உருவாக்கும் பொருட்டுப் பாப்பிறைக் குருமடத்தை நிறுவிய இடம் கண்டியை அடுத்த நம் அம்பிட்டிய. 1955 இல் புனே நகருக்கு மாற்றப்படும்வரை அங்கே பயின்ற குருமாணவர்கள் கண்டி மலைகளின் நடுவிலேயே ஒழுக்க இயலைக் கற்றார்கள். நூலில் நியாயமான கூலி. மலையில் அரைப் பேர்.

அரைப் பேர் என்றால் என்னவென்று நகரத்தவர் சிலர் அறியார். பெரட்டு எனப்படும் காலை வேலைப் பதிவில் பெயர் கொடுத்துக் காலை முதல் மாலை வரை மலையில் நின்ற பெண், குறித்த அளவு கிலோ கொழுந்து பறித்தால்தான் அவளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாட்சம்பளம். குறைந்தால் அரைப் பேர். மத்தேயு நற்செய்தியின் திராட்சத் தோட்ட உவமையில், மாலையில் ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் எஜமான் முழு நாட்கூலி கொடுத்ததை இதனருகில் வைத்து வாசிக்க வேண்டும். அவ்வுவமை கடவுளின் கிருபையைக் குறித்தது, சம்பளப் பட்டியலைக் குறித்ததன்று என்று உரையாசிரியர்கள் சொல்வது உண்மையே. ஆயினும் கிருபையை விளக்க இயேசு பெருமான் தெரிந்துகொண்டது கூலியாளின் சந்தையை; ஒருவரும் வேலைக்கு அழைக்காத மனிதனுக்கும் அன்றிரவு வீட்டில் பசித்த வயிறுகள் உண்டு என்பதை அறிந்த ஓர் எஜமானை. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆகவேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி, 2021 இல் சம்பளச் சபையின் வாயிலாகவே அதனைப் பெற்றார்கள். அப்போராட்டக் காலத்தில் எத்தனை பீடங்களிலிருந்து இவ்வுவமை பிரசங்கிக்கப்பட்டிருக்கும் என்பதைக் குருமார்கள் தங்கள் மனச்சாட்சியிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

நியாயமான கூலி மட்டுமன்று, குடியுரிமையும் மறுக்கப்பட்டவர்கள் இத்தோட்ட மக்கள். சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கிட்டது. கோச்சி நிலையங்களில் பிரிந்தோரின் அழுகையால் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்னும் பெயர் மலையகத்தில் நிலைத்தது. அக்காலத்தில், 1971 இளைஞர் கிளர்ச்சியின் இரத்தம் உலராத நிலையில், இயேசு சபைக் குருவாகிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972 இல் இந்தக் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பணியாற்ற வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. தோட்ட மக்களின் குடியுரிமையும் கூலியும் வீடும் அதன் வேலை. 1979 இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தை உருவாக்குவதிலும் அவர் முன்னின்றார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர், பலரின் ஏச்சையும் ஏற்று, தோட்டத் தமிழனின் உரிமையைப் பேசினார். வாஸ் அடிகளாரின் இரக்கத்தையும் பத்துக் கட்டளைகளின் தொடக்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டவர் என்று அவரை நான் மதிக்கிறேன்.

சபையோரே, நாடாளுமன்றமும் கம்பனிகளும் தீர்க்கவேண்டியவற்றை மட்டும் பேசிவிட்டு நான் அமரக்கூடாது. விவிலிய நெறி நம் அடுக்களை வரை வரும். கண்டியிலும் கொழும்பிலும் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் மலைத்தோட்டத்துப் பெண்பிள்ளைகள் வேலைக்கு நிற்கிறார்கள். ஓய்வுநாளைக் குறித்த கட்டளை, மகனையும் மகளையும் சொல்லி நிறுத்தாமல், வேலைக்காரனையும் வேலைக்காரியையும் வாசலுக்குள் இருக்கும் அந்நியனையும் பெயர்குறித்துச் சேர்த்திருக்கிறது. ஆனால் நாம் ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படும் வேளையில், திரும்பிவரும்போது மதிய உணவு ஆயத்தமாயிருக்கும்படி அந்தப் பிள்ளை அடுப்பருகில் நிற்கிறாள். அவளுக்கும் ஞாயிறு கொடுங்கள். வயது நிரம்பாத பிள்ளையாயின் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். வயது நிரம்பியவளாயின், தரகரிடமோ தகப்பனிடமோ கொடுத்தனுப்பாமல், அவள் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம் திறந்து, மாதம் முடியும் நாளன்றே அவள் கூலியை அதில் இடுங்கள். வேலை நேரம் இன்னது என்று அவளோடு பேசி முடிவுசெய்யுங்கள். இவற்றுக்குச் சட்டமும் வேண்டியதில்லை, சுற்றுமடலும் வேண்டியதில்லை. இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்கலாம்.