புற்றுநோயும் அதற்குரிய மருந்து வகைகளும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தலைப்பைக் காரியதரிசியவர்கள் சென்ற கூட்டத்தில் அறிவித்தபோது, நன்னூல் நடத்துபவர்க்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று சிலர் நகைத்தனர். அந்நகைப்பு நியாயமானதே. யாம் வைத்தியரல்லோம். எனினும் நம்மவர் குடும்பம் ஒன்றிற்குத் துணையாக இரண்டாண்டு காலம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாய் நடந்து, அங்கே வைத்தியர்களைக் கேட்டும், பிறகு நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றை உங்கள் முன் வைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

அக்குடும்பத்துத் தாயார் தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டு, பத்து மாதம் ஒருவரிடத்தும் சொன்னாரில்லை. காரணம் வறுமையன்று, அறியாமையும் அன்று. மூத்த பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அந்த வியாதி உண்டு என்னும் பேச்சு எழுந்தால் சம்பந்தம் கூடாது என்று அஞ்சினார். அப்பேச்சைப் பேசுவோர் யாவர்? அயலார் அல்லர். கலியாணப் பந்தலில் அருகருகே அமர்ந்து வெற்றிலை போடும் நாமேதாம். இந்நோய் தொற்றுவதன்று. பிறவி வழியாக வருவதும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே என்பர் அறிந்தோர். ஆகவே, ஒரு தாயின் நோயைக் கொண்டு ஒரு பெண்ணின் வாழ்வை அளப்பது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. அம்மாதரசி தம் பெயரை மட்டும் விடுத்து இதனைச் சபையில் சொல்ல எமக்கு அனுமதி தந்தார்.

இனி நோயின் பெயரை நோக்குவோம். கிரேக்கர் இதனை நண்டு என்றனர். கட்டியினின்று நாற்புறமும் ஓடும் நரம்புகள் நண்டின் கால்களைப் போல் அவர்க்குத் தோன்றின. தமிழரோ புற்று என்றனர். மேலே சிறு மேடாய்த் தோன்றி, உள்ளே அறிய ஒண்ணாத வழிகளாய்ப் பரவி நிற்கும் கறையான் புற்றைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். நம் உடம்பின் நுண்ணிய உயிரணுக்கள் வேண்டிய அளவே பிரிந்து பெருகுவன. அவற்றுள் ஒன்று அக்கட்டளையை மறந்து ஓயாது பெருகத் தொடங்குவதே இந்நோய். ஆதலின் சிகிச்சை யாவும் அப்பெருக்கத்தை அறுப்பது, எரிப்பது, தடுப்பது, அன்றி உடம்பின் காவலைக் கொண்டே அழிப்பது என்னும் வழிகளுள் அடங்கும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்பது நம் கிராமங்களில் வழங்கும் வீண் அச்சம். ஒரே இடத்தில் நிற்கும் கட்டிக்கு இன்றும் முதன்மையான சிகிச்சை அதுவே.

கதிர் சிகிச்சையை நம்மவர் ‘கரண்ட் வைப்பது’ என்கின்றனர். இச்சொல்லால் விளைந்த கேடு சிறிதன்று. மின்சாரத்தை உடம்பில் பாய்ச்சுவர் என்று நடுங்கி, பாதியில் எழுந்து ஓடிய முதியவர் ஒருவரை யாமே கண்டோம். 1895-இல் ராண்ட்கன் கண்ட எக்ஸ் கதிரும், 1898-இல் கியூரி தம்பதிகள் கண்ட ரேடியமும் இச்சிகிச்சைக்குத் தோற்றுவாய். வெளியிலிருந்து யந்திரத்தால் கதிர் செலுத்துங்கால் யாதொரு நோவும் இராது. வாரம் ஐந்து நாளாகச் சில வாரங்கள் நடக்கும். வீடு திரும்பியவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை. பேரக் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொள்ளலாம்.

மருந்துகளுக்கு வருவோம். கீமோதெரபி என்னும் சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் அழுகுரல் எழுகிறது. இதன் வரலாற்றில் நாம் பெருமை கொள்ளத்தக்க ஒரு பெயருண்டு. பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவரே அவர். ஆங்கில அரசின் காலத்தில் கதர் அணிந்தமையால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாது குறைந்த பட்டமே பெற்றார் என்பது வரலாறு. அமெரிக்கா சென்ற அவர்தம் குழுவினர், உயிரணுப் பெருக்கத்திற்கு இன்றியமையாத போலிக் அமிலத்தை ஆராய்ந்து, அதனைப் போலவே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் மருந்துகளைச் சமைத்தனர். 1947-ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரில் ஸிட்னி பார்பர் என்பார் அவற்றுள் ஒன்றை இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். 16 குழந்தைகளுள் 10 பேர்க்கு நோய் சில காலமேனும் தணிந்தது. அதுவரை அந்நோய்க்கு யாதொரு மருந்தும் பலித்ததில்லை. அதே மரபில் வந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் வழங்குகிறது. சுப்பாராவோ 1948-இல் காலமானார். நம் நாட்டார் அநேகர் அவர் பெயரையும் அறியார்.

மற்றொன்று நம் முற்றத்துப் பொருள். மடகாஸ்கர் தீவினின்று வந்து எங்கும் பரவிய நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்க அஞ்சுவாரும் உளர். அதன் இலை நீரிழிவுக்கு நன்று என்னும் நம்பிக்கையைச் சோதிக்கப் புகுந்த கனடா நாட்டறிஞர், அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டு, 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் சத்தை வெளியிட்டனர். வின்கிரிஸ்டின் அதன் உடன்பிறப்பு. குழந்தைகளின் இரத்தப் புற்றில் பின்னது இன்றும் தவிர்க்க முடியாதது. இதைக் கேட்டு ஒருவரும் நாளை இலையைப் பறித்து மெல்லற்க! பல நூறு கிலோ உலர் இலையினின்று ஓரிரு கிராம் சத்தே கிடைக்கும். அளவு பிறழ்ந்தால் அதுவே நஞ்சு.

இம்மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்களையெல்லாம் தாக்குவன. மயிரின் வேர், வாயின் உட்தோல், எலும்பின் மச்சை ஆகியவையும் இயல்பாகவே விரைந்து பெருகுவனவாதலின் அவையும் தாக்குண்கின்றன. தலைமயிர் உதிர்வதும் வாய் வேவதும் இதனாலேயே. உதிர்ந்த மயிர் பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். வீட்டார் மறவாது கொள்ள வேண்டியது வேறொன்று: மருந்து ஏறிய நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி கண்டால், கஷாயம் வைத்துக் காத்திராமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அச்சமயத்தில் சிறு கிருமியும் உயிர் கொள்ளும்.

ஹார்மோன் வழி மருந்துகள் வேறு இனம். மார்புப் புற்றில் பலவகை, பெண்மைச் சுரப்பைப் பற்றியே வளர்வன. டமாக்ஸிபென் மாத்திரை அப்பற்றினை மறிக்கிறது. ஐந்து ஆண்டு, சிலர்க்குப் பத்து ஆண்டு உட்கொள்ள வேண்டும். முன் சொன்ன தாயார் இப்பொழுது உட்கொள்வது இதுவே.

புற்றணுவின் ஒரு குறையை மட்டும் குறிவைக்கும் மருந்துகளுள் தலையாயது, 2001-இல் வெளிவந்த இமாட்டினிப். நாட்பட்ட இரத்தப் புற்றின் ஒரு வகையை, நாள்தோறும் மாத்திரை உண்டு பல்லாண்டு வாழத்தக்க நோயாக அது மாற்றிவிட்டது. இதற்குக் காப்புரிமை வேண்டிச் சென்னை அலுவலகத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரலில் உரிமை மறுக்கப்பட்டது. மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்தினை, நம் நாட்டுக் கம்பெனிகள் அதில் பத்திலொரு பங்குக்கும் குறைவான விலைக்குத் தர வழியாயிற்று.

உடம்பின் காவற்படையைத் தூண்டும் மருந்துகளுக்காக ஆலிஸன், ஹோஞ்ஜோ என்னும் இருவர் 2018-இல் நோபெல் பரிசு பெற்றனர். இவை சில புற்றுக்கே பலிப்பன, விலையோ மிகுதி. நிலத்தை விற்று வாங்குமுன், தம் நோய்க்கு அது பொருந்துமா என்று வைத்தியரை இருமுறை கேட்பது நன்று.

சித்த வைத்தியத்தை யாம் இகழ்வோமல்லோம், அந்நூல்களைப் பாடங்கேட்டவர்களே. ஆயினும் கீமோ ஏறுங் காலத்தில் வைத்தியர் அறியாமல் பற்பமும் செந்தூரமும் கொடுப்பது ஈரலைக் கெடுக்கக் கூடும். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நோய் முற்றியவர்க்கு மார்பீன் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று சொல்லி அவரைத் துடிக்க விடுவதும் கொடுமை. முறையாகக் கொடுக்கும் வலிமருந்தை மறுக்க வேண்டாம்.

சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் புற்றுநோய் நிலையம் கண்டார். தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை அதற்குத் தூண்டியது. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இச்சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இது சேர்ந்துள்ளது. பணத்தினும் அங்கே பெரிதும் வேண்டுவது உடன் செல்ல ஓர் ஆள். சீட்டு வாங்க, வரிசையில் நிற்க, மருந்து ஏறும் ஐந்தாறு மணி நேரம் பக்கத்தில் இருக்க ஆளின்றி இடையிலேயே சிகிச்சையை விட்டவர் நம்முள் இருவர்.

இதன் பொருட்டுக் காரியதரிசியவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்துள்ளார்கள். சென்னைக்கு உடன் செல்ல ஒப்புவோர் தம் பெயரையும் ஓய்வு நாளையும் அதில் எழுதலாம். இதுவரை நான்கு பெயர்கள் உள்ளன. அத்தாயாருடைய பெண்ணின் பெயர் முதலாவதாக இருக்கிறது. சென்ற தை மாதத்தில் அவளுக்கு விவாகம் நடந்தது, மாப்பிள்ளை வீட்டார் யாவும் அறிந்தே செய்தனர். எமக்குப் பள்ளி விடுமுறை நாட்களே உள்ளனவாதலின், சனிக்கிழமை என்று குறித்திருக்கிறோம்.