மின்சாரம் காயத்தை ஆற்றுமா?



முறிந்த கால் எலும்பு ஒருவாறு பொருந்திவிட்டது. கட்டும் அவிழ்க்கப்பட்டுவிட்டது. ஆயினும் தொடை மெலிந்து கிடக்கின்றது. முழங்கால் மடங்க மறுக்கின்றது. நோயாளி வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குச் செல்கின்றார். அங்கே தொடைத் தசையின்மீது சிறு பட்டைகளை ஒட்டி, ஒரு பெட்டியிலிருந்து மின்னோட்டத்தைச் செலுத்துகின்றனர். தோல் சுறுசுறுக்கின்றது, தசை தானாகவே இறுகித் தளர்கின்றது. சில நாட்களில் நோவு தணிந்ததென்று அவர் மகிழ்வுடன் கூறுகின்றார். நோவைத் தணித்தது மின்சாரமா? நாட்கள் கழிந்தமையா? அன்றி, நமக்கும் ஏதோ செய்கின்றார்கள் என்ற நம்பிக்கையா?

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. இதனை முதன்முதலிற் செவ்வையாக எழுப்பியவர்களுள் ஒருவர், இடிமின்னலை ஆராய்ந்து புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்கிளின் ஆவார்.

மின்சாரத்தை மருந்தாகக் கொள்ளும் எண்ணம் அவருக்கும் மிக முற்பட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கும்படி எழுதிச் சென்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மின்னேற்றத்தைக் கண்ணாடிச் சாடியிற் சேர்த்துவைக்கும் வழி கண்டறியப்பட்டதும், திருக்கையின் வேலையைச் சாடி ஏற்றுக்கொண்டது.

அக்காலத்திலே பிலடெல்பியா நகரில் வாழ்ந்த பிராங்கிளினிடம், பக்கவாதத்தாற் கைகால் விழுந்தவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்தனர். அவர் இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகளை மின்னேற்றி, அவற்றின் அதிர்ச்சியைச் செயலிழந்த அங்கத்தின் ஊடே நாளொன்றுக்கு மும்முறை செலுத்தினார். முதல்நாள் முழங்காலிலிருந்து கையைத் தூக்க முடியாதிருந்த ஒருவர், மறுநாள் நான்கைந்து அங்குலம் தூக்கினார். மூன்றாம் நாள் இன்னும் உயர்த்தினார். ஐந்தாம் நாள் தலையிலிருந்த தொப்பியையே தளர்ந்த கையால் எடுத்தார். கண்டவர்கள் முழுக் குணமும் கிட்டிவிடுமென்றே எண்ணியிருப்பர். ஆனால், ஐந்தாம் நாளுக்குப் பின்னர் எவருக்கும் மேலும் முன்னேற்றம் ஏற்பட்டதாகத் தமக்கு நினைவில்லை என்று பிராங்கிளின் எழுதினார். நோயாளிகள் மனந்தளர்ந்து வீடு திரும்பினர். சின்னாட்களிற் பழைய நிலையையே எய்தினர்.

1757ஆம் ஆண்டு டிசம்பரில் வைத்தியர் ஜோன் பிரிங்கிளுக்கு எழுதிய கடிதத்தில் இவற்றையெல்லாம் அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அதனினும் சிறந்த செயல் ஒன்றும் செய்தார். தற்காலிகமாகத் தோன்றிய அந்நலம், நாள்தோறும் தம் வீட்டுக்கு வந்துபோன அசைவினாலும், குணம் கிடைக்குமென்ற நம்பிக்கை தந்த ஊக்கத்தினாலும் விளைந்திருக்கலாமே என்று தம்மையே ஐயுற்றார். தமது கருவியைத் தாமே ஐயுறுவது எளிதன்று.

மறுபக்கத்தில், மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லி இலண்டன் மாநகரின் ஏழைகளுக்கு மின்சிகிச்சை அளித்து, அதன் பயனைப் போற்றி 1760இல் ஒரு நூலும் வெளியிட்டார். வைத்தியருக்குக் கொடுக்கப் பணமற்றவர்களுக்கு இஃது எளிய பரிகாரம் என்பது அவர் வாதம். கருணையிற் பிறந்த வாதமாயினும், குணமடைந்தோர் கதைகளையே அது பெரிதும் சார்ந்திருந்தது. குணமடைந்தவர் மின்சாரமின்றியும் குணமடைந்திருப்பாரோ என்பதைக் கதைகள் மட்டும் சொல்லமாட்டா.

இவ்வழக்கு இன்று முறிவு, நெரிவு, தசைப்பிடிப்பு ஆகியவற்றுக்கான சிகிச்சையிலும் தொடர்கின்றது. ஆதரிப்போர் கூற்றும் வெறுங்கற்பனை அன்று. 1957இல் யப்பானிய அறிஞர்களாகிய புக்காடாவும் யசுதாவும், எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுவதைக் காட்டினர். எனவே, ஒட்டாத எலும்பை மின்சாரத்தால் தூண்டலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1979இல் அத்தகைய கருவிக்கு அனுமதி வழங்கியது. நோவைப் பொறுத்தவரை, 1965இல் மெல்சாக், வோல் என்னும் இருவர் ஒரு கொள்கையை வெளியிட்டனர். அடிபட்ட இடத்தைக் கையால் தடவினால் நோவு ஏன் குறைகின்றது? தொடுகை உணர்ச்சி முள்ளந்தண்டிலுள்ள ஒருவகை வாயிலை அடைத்து, நோவுச் செய்தி மூளைக்கு ஏறாமற் தடுக்கின்றது என்றனர். தோலின்மீது மின்னோட்டம் செலுத்தும் சிறு பெட்டிகள் இக்கொள்கையின் வழியே பரவின.

ஆனால், கொள்கை பொருத்தமாயிருப்பது வேறு. நோயாளி பயனடைவது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு நேர்மையான வழி உண்டு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு உண்மைக் கருவியையும், மறு கூறினருக்கு அதேபோன்று தோன்றும், ஆயின் மின்னோட்டம் பாயாத போலிக் கருவியையும் கொடுத்தல் வேண்டும். எவருக்கு எது கிடைத்ததென்பதை நோயாளியும் அறியார். குணத்தை அளப்பவரும் அறியார். நம்பிக்கை இருசாராருக்கும் ஒன்றே. எஞ்சும் வேறுபாடே மின்சாரத்தின் பங்கு. தோலிற் சுறுசுறுப்பை உண்டாக்கும் பெட்டிகளில் இச்சோதனை கடினம். அவ்வுணர்ச்சியே உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தகைய 15 சோதனைகளை எலும்பு பற்றித் தொகுத்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எக்ஸ்கதிர்ப் படத்தில் எலும்பு ஒட்டாதிருக்கும் அபாயம் மின்தூண்டலால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. நோவும் ஓரளவு தணிந்தது. ஆயினும், நடத்தல், வேலை செய்தல் போன்ற அன்றாட ஆற்றலில் வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில், இடுப்புவலிக்குத் தோல்வழி மின்தூண்டலை அளிக்கவேண்டாமென இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் அறிவுறுத்தியது. முழங்காற் சத்திரசிகிச்சையின் பின்னர் மெலிந்த தொடைத் தசைக்கோ, பயிற்சியோடு சேர்த்து அளிக்கும் மின்தூண்டல் வலுவூட்டுவதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே, "மின்சிகிச்சை நல்லதா, தீயதா?" என்பது பிழையான வினா. எந்த நோய்க்கு, எத்தகைய மின்னோட்டம், எதனோடு சேர்த்து என்று வினவுதலே முறை.

வீட்டில் வைத்துப் பாவிக்கும் பெட்டிகள் இன்று கடைகளில் தாராளமாக விற்கப்படுகின்றன. எல்லா நோவும் தீருமென்று விளம்பரம் கூறும். நோவின் காரணத்தை வைத்தியர் அறியுமுன் அதனை மறைப்பது நன்றன்று. இதயத்தில் மின்னியக்கி பொருத்தப்பட்டவர்கள் வைத்திய ஆலோசனையின்றி இவற்றைத் தொடவே கூடாது. பணம் கொடுத்துப் பெட்டி வாங்கிய மனநிறைவில் கால்நீட்டிப் படுத்திருந்து, பயிற்சியைக் கைவிடுவதே யாவற்றினும் பெரிய நட்டம்.

பிராங்கிளின் அக்கடிதத்தில் இன்னுமொன்று குறிப்பிட்டார். தகுந்த மருந்தும் ஒழுங்கான நடைமுறையும் சேர்ந்து, திறமையுள்ள வைத்தியரின் மேற்பார்வையில் நடந்திருந்தால் நிலையான நன்மை ஏதேனும் கிடைத்திருக்கலாம் என்றார். தொப்பியை எடுத்த அந்தக் கைக்கு ஆறாம் நாளும் ஏழாம் நாளும் வேண்டியிருந்தது விடாத பயிற்சியும், உடனிருந்து வழிகாட்டும் ஒருவருமே போலும். மின்சாரம் அதற்குத் துணையாகலாம், அதற்கு ஈடாகாது.