காலையில் மடங்காத விரல்

நான் பத்தாவது வரைதான் படிச்சேன். மேடையில பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா மன்னிக்கணும்.

எங்க குழுவுக்கு நான் ஊக்குநர். ஒரு நாள் பேங்குல பணம் எடுக்கப் போனோம். என் கையெழுத்து மூணு தடவை போட்டும் ஒத்துப்போகல. விரல் வீங்கி, பேனா பிடிக்க முடியல. அன்னைக்கு ஒரு தங்கச்சி, பிள்ளைக்குப் பீஸ் கட்ட அந்தப் பணத்தை நம்பியிருந்தா. வெறுங்கையோட திரும்பினோம். வழியெல்லாம் எனக்கு அழுகை.

அதுக்கு ஒரு வருசம் முந்தியே வலி ஆரம்பிச்சிருச்சு. காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல ரெண்டு கை விரலும் மடங்காது. குடம் தூக்க முடியாது, மகளுக்குச் சடை பின்ன முடியாது. 2006-ல வந்த சிக்குன்குனியா வலி திரும்புதுன்னு சிலர் சொன்னாங்க. கல்யாணத்துக்கு முந்தி தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்கின கை, அதனாலதான்னு சிலர் சொன்னாங்க. வீட்டுல, வேலைக்குச் சோம்பல்னாங்க. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டேன். வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

பேங்குக்குப் போயிட்டு வந்த மறுநாள் எங்க பிரதிநிதி அக்காதான் என்னை விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 2022-ல திறந்த மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி அது. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு முடக்குவாதம்னு சொன்னாங்க. நம்ம பக்கம் சரவாங்கின்னு சொல்றது. நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே நம்ம மூட்டைத் தாக்குது. வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம் வேற, இது வேற. ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்குத்தான் ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருமாம். சீக்கிரம் மருந்து எடுத்தா மூட்டு கோணாமக் காப்பாத்தலாம்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை குடுத்தாங்க. இதைக் கவனமாக் கேளுங்க. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எங்க வீட்டுக் காலண்டர்ல ஞாயித்துக்கிழமையை மகள் சிவப்புல வட்டம் போட்டு வச்சா. டாக்டர் சொன்னப்பல்லாம் ரத்தப் பரிசோதனையும் செய்யணும். குழந்தை பெத்துக்க நினைக்கிறவங்க முன்கூட்டியே டாக்டர்கிட்டச் சொல்லணும், கர்ப்பத்துல அந்த மாத்திரை ஆகாது.

ரெண்டு மூணு மாசத்துல வலி குறைஞ்சுச்சு. சரியாப் போச்சுன்னு நானே மாத்திரையை நிறுத்தினேன். கொஞ்ச நாள்ல வீக்கம் திரும்ப வந்துருச்சு. இப்ப நிறுத்துறதில்ல.

ஊக்குநர் பொறுப்பை விட்டுடுறேன்னு குழுவுல சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. காலையில 7 மணிக்கு நடந்த கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாத்தித் தீர்மான நோட்டுல எழுதினாங்க. கை வலிக்கிற நாள்ல நான் கணக்குச் சொல்ல, ஒரு தங்கச்சி எழுதுவா. போன மாசம் பேங்குல ஒரே தடவையில கையெழுத்துப் போட்டேன். மகளுக்குச் சடையும் நான்தான் பின்னுறேன். வலி வர்ற நாளும் உண்டு, அன்னைக்குக் குடம் அவர் தூக்குவாரு.

உங்க குழுவுல யாராச்சும் காலையில கை மடங்கல, மூட்டு வீங்குதுன்னு சொன்னா, சோம்பேறின்னு சொல்லாதீங்க. அவளைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. எனக்கு ஒரு அக்கா வந்தாங்க, அதனாலதான் இன்னைக்கு இந்த மைக்கைப் பிடிச்சு நிக்கிறேன்.