ரொட்டியின் மேல் ஒரு பெயர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கவிதையைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. நான் வரலாற்று ஆசிரியன். உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டு மகிழ்பவன். "இத்தாலிக்கு மாணவர்களை அழைத்துச் சென்றீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். பயணக் கதைதானே என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான், அது பயணக் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை என்பது புரிந்தது. அதில் என் தவறு ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் உங்கள் முன் வைப்பதே முறை.

பதினெட்டு மாணவர்களுடன் ஒன்பது நாள் பயணம். புறப்படுமுன் இரண்டு மாதம் அவர்களுக்குப் பாடம் நடத்தினேன். அகஸ்டஸ் முதல் கான்ஸ்டன்டைன் வரை பேரரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பிக்கச் செய்தேன். கொலோசியம் கி.பி. 80இல் டைட்டஸ் காலத்தில் திறக்கப்பட்டது, பாந்தியனின் கூரை வளைவு 43 மீட்டருக்கும் மேல் அகலமுடையது, கம்பியில்லாத காங்கிரீட்டால் ஆன வளைவுகளில் இன்றும் உலகிலேயே அதுதான் பெரியது என்றெல்லாம் எழுதிக்கொண்டார்கள். ரோமில் இறங்கிய முதல் இரண்டு நாள்களும் அந்தக் குறிப்பேடுகளைக் கையில் ஏந்தியே நடந்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால், அவர்கள் கண்களில் ஒளியில்லை. பாந்தியனின் நடுவே உள்ள திறந்த வட்டத்தின் வழியே மழை உள்ளே பெய்தபோது மட்டும் குறிப்பேடுகளை மூடிவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மற்ற இடங்களில் கல் வெறும் கல்லாகவே நின்றது.

மூன்றாம் நாள், சோறு இல்லாத ஏக்கம் தலைகாட்டத் தொடங்கியது. ஊறுகாய்ப் புட்டி கைமாறிக் கைமாறிப் பாதியானது. அன்றுதான் நாங்கள் தெஸ்தாச்சோ என்னும் பகுதிக்குச் சென்றோம்.

அங்கே ஒரு குன்று இருக்கிறது. ஏறத்தாழ 35 மீட்டர் உயரம். மண்ணோ பாறையோ இல்லை. முழுவதும் உடைந்த சாடிகளின் ஓடு. தெற்கு ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் ஏற்றி வந்த ஆம்போராச் சாடிகளை, எண்ணெய் ஊறிய பின் வேறெதற்கும் உதவா என்று உடைத்து, வரிசையாக அடுக்கி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவி எழுப்பிய குன்று அது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட சாடிகள் அதனுள் இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. ஒரு நகரம் தின்று தீர்த்ததன் எச்சம் மலையாகி நிற்கிறது! என் மாணவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேள்வி கேட்டார்கள். "ஐயா, இத்தனை சாடியையும் சுமந்தது யார்?"

என்னிடம் விடை இருந்தது. ஆனால் அதை நான் பாடத்தில் சேர்த்திருக்கவில்லை.

அந்தக் குன்றின் அடிவாரத்தைக் குடைந்து உணவு விடுதிகள் அமைத்திருக்கிறார்கள். நாங்கள் அமர்ந்த விடுதியின் பின்சுவரில், கண்ணாடிக்கு அப்பால், அந்தப் பழைய ஓடுகள் தெரிந்தன. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே சேர்த்துப் பிசைந்த பாஸ்தா வந்தது. 'காச்சோ எ பேப்பே' என்று பெயர். பாலாடைக்கட்டியும் மிளகும் என்பதே பொருள். ஒரு வாய் எடுத்ததும் ஒரு மாணவி, "ஐயா, நம்ம வீட்டு வாசனை" என்றாள். மிளகின் வாசனை!

அன்பர்களே, அந்த வாசனைக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட முசிறியை அகநானூறு காட்டுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மிளகு போய்ச் சேர்ந்த இடம் ரோம். புனித வீதியின் ஓரத்தில் டொமிஷியன் பேரரசன் மிளகுக்கென்றே பண்டசாலை கட்டினான். அதன் அடித்தளம், பின்னாளில் எழுந்த மாக்சென்டியஸ் மண்டபத்தின் கீழே இருக்கிறது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று குறைபட்டுக்கொண்டவர் பிளினி. காரத்தைத் தவிர வேறொரு சிறப்பும் இல்லாத இந்த மிளகை மக்கள் ஏன் விரும்புகிறார்களோ என்று வியந்தவரும் அவரே. கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், நகரத்தை விட்டு விலகக் கேட்ட பொருள்களில் மூவாயிரம் பவுண்டு மிளகும் ஒன்று. இக்கரையிலோ, 1945இல் அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்தபோது கிடைத்தவற்றுள் ஆம்போராச் சாடிகளின் ஓடுகளும் இருந்தன. அங்கே மலையாகக் குவிந்தது போன்ற ஓடு, இங்கே கைப்பிடியளவாய் நம் மண்ணில்!

மாணவர்கள் பூரித்துப் போனார்கள். "நாம்தான் அவர்களுக்கு ருசி கற்பித்தோம்" என்றான் ஒருவன். நான் சிரித்துக்கொண்டே, "தம்பி, அந்த ஊறுகாயில் என்ன காரம்?" என்று கேட்டேன். "மிளகாய்" என்றான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அதைக் கண்ட நம் முன்னோர், புதிய விருந்தாளிக்குத் தம் பழைய மிளகின் பெயரையே சூட்டிக் காய் என்று சேர்த்து வீட்டிற்குள் அழைத்துக்கொண்டார்கள். இத்தாலியரின் கதையும் அதுவே. தக்காளியில்லாத இத்தாலியச் சமையலை நாம் நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் எந்தப் பேரரசனும் தக்காளியைக் கண்டதில்லை. அது பதினாறாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்தது. 'பொன் ஆப்பிள்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டி அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். மொழி செய்யும் விருந்தோம்பல் என்று நான் இதைச் சொல்வேன். புதுச்சொல், புதுக்கவிதை என்று இங்கே வாதங்கள் எழும் போதெல்லாம், இனி எனக்கு மிளகாயின் நினைவு வரும்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

அதே விடுதியில் குடலைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்த ஓர் உணவும் இருந்தது. தெஸ்தாச்சோ ஒரு காலத்தில் நகரத்தின் இறைச்சிக்கூடம் இருந்த இடம். நல்ல கறி பணக்காரர் வீட்டிற்குப் போக, கூலியோடு சேர்த்துக் குடலும் வாலும் தொழிலாளிக்குக் கிடைத்தன. அவற்றிலிருந்து பிறந்த சமையலைத்தான் இன்று வெளிநாட்டார் தேடி வந்து உண்கிறார்கள். எங்கள் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவன் மட்டும் ஆசையோடு வாங்கி உண்டான். "எங்கள் கடைக் குடல் கறி மாதிரியே இருக்கிறது" என்றான். 'எங்கள் கடை' என்று சொன்னவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொம்பெய் சென்றோம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய நகரம். மிளகைக் குறைசொன்ன பிளினி, கடற்படைத் தலைவராய் அன்று மக்களை மீட்கக் கப்பலோடு போய், ஸ்டாபியாக் கரையில் உயிர்விட்டார் என்பதை அங்கே நின்று சொன்னபோது எனக்கே குரல் தடுமாறியது. தெருவோரக் கடைகளைப் பார்த்தோம். கல்மேடையில் சாடிகளைப் பதித்து, வீட்டில் அடுப்பில்லாத மக்களுக்குச் சூடாக உணவு விற்ற கடைகள். 2020இல் வெளிப்பட்ட ஒரு கடையின் சாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. பிறகு ஒரு ரொட்டிச் சாலைக்குள் நுழைந்தோம்.

முற்றத்தில் எரிமலைக் கல்லாலான எந்திரங்கள், ஆளுயரத்துக்கு, உடுக்கை வடிவத்தில் நிற்கின்றன. மேலிருந்து தானியத்தைக் கொட்டி, மரத்தடியைப் பூட்டிச் சுற்ற வேண்டும். சுற்றியவை கழுதைகள், சுற்றியவர் அடிமைகள். 2023இல் அந்நகரில் இன்னொரு ரொட்டிச் சாலை கண்டெடுக்கப்பட்டது. வெளியுலகைப் பார்க்க முடியாதபடி இரும்புக் கம்பியிட்ட சிறு சாளரங்கள். கண் கட்டிய விலங்குகள் ஓயாமல் சுற்றுவதற்கென்று கல் தரையில் வெட்டிய தடங்கள். மனிதரும் விலங்கும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருந்த இடம் அது.

நான் சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால் ஒருவன் குறைகிறான். திரும்பிச் சென்றேன். குடல் கறி உண்ட அந்த மாணவன் எந்திரக்கல்லின் மேல் கை வைத்து நின்றான். "வா தம்பி, நேரமாகிறது" என்றேன்.

"ஐயா, அப்பா பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறார். சாயங்காலம் நாலு மணிக்கு நின்றால் இரவு ஒரு மணி வரை. பின்கட்டில் சன்னல் கிடையாது. நானும் கூடப் பிசைவேன்" என்றான்.

அன்பர்களே, அந்தச் சொற்கள் என்னைத் தாக்கிய விதத்தை எப்படிச் சொல்வேன்? அந்த மாணவன் என் வகுப்பில் முதல் மணியில் உறங்குகிறவன். "படிப்பதற்கு வருகிறாயா, படுப்பதற்கு வருகிறாயா?" என்று நாற்பது பேர் முன்னிலையில் நான் கேட்டிருக்கிறேன். வகுப்பு சிரித்தது. நானும் என் சிலேடையில் மகிழ்ந்தேன். அவன் பதில் பேசவில்லை. மூன்று ஏழை மாணவர்களின் பயணச் செலவைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டதால் அவன் அங்கே வந்திருந்தான். பேரரசர் முப்பது பேரின் பிறப்பும் இறப்பும் அறிந்த நான், என் எதிரே இரண்டாண்டு அமர்ந்திருந்தவன் இரவில் எங்கே நிற்கிறான் என்பதை அறிந்திருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றான். அந்தப் 'பரவாயில்லை' இன்னும் என்னை விடவில்லை.

மறுநாள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகம். இந்தியாவில் செதுக்கப்பட்டு, 1938இல் பொம்பெயில் கண்டெடுக்கப்பட்ட தந்தப் பெண்சிலையைத் தன் சேமிப்பில் கொண்ட இடம் அது. ஆனால் எங்கள் கூட்டம் நெடுநேரம் நின்றது கரியாகிப்போன ரொட்டிகளின் முன்புதான். 1862இல் ஒரே அடுப்பினுள் 81 ரொட்டிகள் கிடைத்தன. சுட வைத்தவன் எடுக்க வரவில்லை. வட்டமான ரொட்டி, எட்டுப் பங்காகக் கீறல். அன்றுதான் பிட்டது போல் இருக்கிறது.

ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியின் மேல் முத்திரை உண்டு. 'குவின்டஸ் கிரானியஸ் வெரஸின் அடிமை கெலெர்' என்பது அதன் செய்தி. பொது அடுப்பில் ரொட்டிகள் மாறிவிடாதிருக்க இட்ட அடையாளமாக இருக்கலாம். கவிதைக்கும் புகழுக்கும் இட்டதல்ல. உரிமையாளரின் பெயர் அதில் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஓர் அடிமையின் பெயரும் அதில் இருக்கிறது. வெண்கலத்தில் பொறித்த எத்தனையோ பெயர்கள் உருகிக் காசாகிப் போயின. மாவில் அழுத்திய பெயர், ஊரையே எரித்த நெருப்பில் வெந்து, இரண்டாயிரம் ஆண்டு தங்கிவிட்டது.

இதை நான் மாணவர்களிடம் சொன்னபோது அந்த மாணவன் தன் குறிப்பேட்டில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டான். அதற்குக் கீழே தன் தந்தையின் பெயரையும் எழுதியதை நான் பார்த்தேன்.

கவிஞர்களே! பெயர் நிலைக்க வேண்டும் என்பதுதானே எழுதுகிறவர்களின் தீராத ஆசை? அதில் குற்றமில்லை. ஆனால் நிலைக்கும் பெயர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எரிமலைக்கு விடுகிறோமா? நாமே தேர்ந்தெடுக்கிறோமா? வரலாற்று ஆசிரியனாகிய நான் முப்பது ஆண்டு தவறாகத் தேர்ந்தெடுத்தேன். இப்போது என் பாடத்தை ரொட்டியிலிருந்து தொடங்குகிறேன். பேரரசர்கள் இரண்டாம் மாதத்தில் வருகிறார்கள். முதல் மணியில் யாராவது உறங்கினால் எழுப்புவதில்லை. வகுப்பு முடிந்தபின் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று பேசுகிறேன்.

இறுதியாக, இந்த வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம். பத்தாண்டு விழா மலர் அச்சாகப் போகிறது. அதில் தலைவர்கள் பெயர் இருக்கும், புரவலர்கள் பெயர் இருக்கும், உங்கள் பெயர்களும் என் பெயரும் இருக்கும். இப்போது நான் பேசிக்கொண்டிருக்கையில், இந்த மண்டபத்தின் பின்கட்டிலிருந்து சாம்பார் தாளிக்கும் மணம் வருகிறது. காலை நான்கு மணி முதல் அங்கே ஐந்து பேர் நிற்கிறார்கள். உரை தொடங்கும் முன் சென்று பார்த்தேன், பேசினேன். அவர்களின் பெயர்களை இதோ இந்தத் தாளில் எழுதி வந்திருக்கிறேன். மலரின் ஒரு பக்கத்தில், சிறிய எழுத்தில் ஆயினும், இந்த ஐந்து பெயர்களும் அச்சேற வேண்டும். செயலாளர் அவர்களிடம் இத்தாளை இப்போதே ஒப்படைக்கிறேன்.

வட்டம் வளர்க!