புள்ளி வைத்த எழுத்து



மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாலையில், மழை சற்றே ஓய்ந்திருந்த வேளை, என்னிடம் படித்த பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். வந்தவன் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடதாசியை எடுத்தான்.

"ரீச்சர், அப்பாவுக்குப் பெருங்குடலிலை கான்சர். ஒப்பரேசன் முடிஞ்சுது. ஊரிலை குடல் முறுக்கு எண்டுதான் சொல்லியிருக்கிறம். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். இது எங்களுக்கும் வருமோ ரீச்சர்?"

நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்து, பின் அதிபரானவள். வைத்தியம் என் துறையன்று. அவன் என்னிடம் வந்ததற்குக் காரணம் வேறு. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் கையிற் கொடுத்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல நேரமிருக்கவில்லை. "எம்.எல்.எச். 1 என்னும் புரதம் கட்டியிற் காணப்படவில்லை" என்ற ஒரு வரியின் கீழ்ப் பேனையாற் கோடு இழுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டின் பொருள் எனக்கும் அன்று விளங்கவில்லை. என்னிடம் தமிழ் படித்து, இன்று நோயியல் துறையிற் பணிபுரியும் ஒரு பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் அன்று சொன்னவற்றையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்தவற்றையுமே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

1847-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து நம் பிள்ளைகளுக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் அவர் காலத்திலேயே தமிழிற் சொல்ல முடிந்ததென்றால், இதையும் நாம் சொல்லிப் பார்க்கலாம்.

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் டீ.என்.ஏ. என்னும் நீண்ட ஏடு ஒன்று இருக்கிறது. அதில் நான்கே எழுத்துக்கள். அவை மாறி மாறி வந்து பரம்பரையலகுகள் ஆகின்றன. குடலின் கலத்திலும் கண்ணின் கலத்திலும் இருப்பது ஒரே ஏடுதான். அப்படியாயின் குடல் குடலாகவும் கண் கண்ணாகவும் இருப்பது எங்ஙனம்? எந்தப் பகுதியை வாசிப்பது, எதை வாசிக்காது விடுவது என்பதற்கு அந்த ஏட்டின் மேலேயே அடையாளங்கள் இடப்பட்டிருக்கின்றன. அவ்வடையாளங்களைப் பற்றிய துறைக்கு இன்று வழங்கும் 'எபிஜெனற்றிக்ஸ்' என்னும் பெயரை, 1942-இல் வாடிங்டன் என்னும் பிரித்தானிய அறிஞர் உருவாக்கினார். 'எபி' என்பது கிரேக்க மொழியில் 'மேல்' எனப் பொருள்படும்.

அவ்வடையாளங்களுள் முக்கியமானது மெதைல் என்பது. ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் சேர்ந்த மிகச் சிறிய கூட்டம் அது. நான்கு எழுத்துக்களுள் சைற்றோசின் என்னும் எழுத்தின் தலையிற் போய் அது அமர்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ககரத்தின் தலையிற் புள்ளி வைத்தால் என்ன நிகழ்கிறது? எழுத்து அழிவதில்லை, அதன் உள்ளிருந்த அகர உயிர் ஓசை அடங்கிவிடுகிறது. அதுபோலவே, ஒரு பரம்பரையலகின் தலைவாசலில் மெதைற் புள்ளிகள் நெருங்கி விழுந்துவிட்டால், எழுத்துக்கள் அனைத்தும் பழுதின்றி இருக்கவே, அந்த அலகு ஊமையாகிறது. அது ஆக்க வேண்டிய புரதம் ஆக்கப்படுவதில்லை. பழைய ஓலைச் சுவடிகளிற் புள்ளி இடும் வழக்கம் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்கள் போன்ற பதிப்பாசிரியர்கள் புள்ளி எங்கே என்று ஊகித்து ஊகித்தே வாசித்தார்கள். எழுத்தை மட்டும் அறிந்தாற் போதாது, புள்ளியையும் அறியவேண்டும் என்பதைப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களும் பிந்தித்தான் கண்டார்கள்.

1983-இல் அமெரிக்காவிற் பைன்பேர்க், வோகல்ஸ்டைன் என்னும் இருவர், புற்றுநோய்க் கட்டியையும் அதே மனிதரின் நோயற்ற இழையத்தையும் ஒப்பிட்டு, கட்டியிற் பல இடங்களில் இருக்கவேண்டிய புள்ளிகள் இல்லாதிருப்பதைக் கண்டார்கள். பின்னர் வந்தவர்கள், இருக்கக்கூடாத இடங்களிற் புள்ளிகள் திரண்டிருப்பதையும் கண்டார்கள். வயது ஏற ஏறக் குடலின் உட்சுவரில் இத்தகைய புள்ளிகள் சில இடங்களிற் கூடுகின்றன. புகைத்தலுக்கும் இவ்வகைக் கட்டிகளுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

இனி, அந்தக் கோடிட்ட வரிக்கு வருவோம். எம்.எல்.எச். 1 என்பது ஒரு பிழைதிருத்துநர். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஏடு முழுவதும் படியெடுக்கப்படவேண்டும். படியெடுக்கும்போது பிழை விழுவது இயல்பு. அச்சகத்தில் ஒப்புநோக்குபவரைப் போல, அதைக் கண்டு திருத்துவோருள் ஒருவரே எம்.எல்.எச். 1. அவர் இல்லையேற் பிழைகள் மலிந்து கலம் கட்டுமீறிப் பெருகுகிறது. பெருங்குடல், மலக்குடற் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 இவ்வாறு பிழைதிருத்தம் பழுதுபட்டவை.

அவர் இல்லாமற் போவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, எழுத்திலேயே பிழையோடு பிறத்தல். இதை, ஆராய்ந்த அமெரிக்க வைத்தியரின் பெயரால் லிஞ்ச் நோய்க்குறி என்பர். அதைத் தாங்கியவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேர்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மற்றது, பிறக்கும்போது எழுத்து நன்றாகவே இருந்து, முதுமையிற் குடலின் ஒரு கலத்தில் மட்டும் அதன் தலையிற் புள்ளி விழுந்து ஊமையாதல். இது பொதுவாகப் பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. மேற்சொன்ன பதினைந்தில் ஏறக்குறைய பன்னிரண்டு இந்த இரண்டாம் வகையே. வெறும் அறிக்கையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். "புரதம் இல்லை" என்பதுதான் வரி. புள்ளி விழுந்திருக்கிறதா என்று தனியே பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். பி.ராப். என்னும் இன்னொரு பரம்பரையலகின் மாற்றமும் உடன் காணப்பட்டால் ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

இன்னும் ஒரு விந்தை. பிழை மலிந்த கட்டி கொடியதாக இருக்கும் என்றே நானும் எண்ணினேன். ஆரம்பக் கட்டங்களில் மறுதலையாகவே இருக்கிறது. பிழைகளின் மிகுதியாலேயே அக்கலங்கள் உடலின் காவற் கலங்களுக்கு அந்நியமாகத் தெரிந்துவிடுகின்றன. காவலர் திரண்டு வருகின்றனர். ஆகையால், இரண்டாங் கட்டத்தில் அகப்பட்ட இவ்வகை நோயாளருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்புக் குறைவு. 2003-இல் 570 பேரின் கட்டிகளைப் பரிசோதித்து வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, புளோரோயுராசில் என்னும் வழக்கமான மருந்தினால் இத்தகையோர் பயன்பெறவில்லை என்று காட்டியது. வீணாக வாந்தியும் சோர்வும் அனுபவிக்கத் தேவையில்லை என்பது சிறிய விடயமா? நோய் பரவிவிட்ட நிலையிலும், காவற் கலங்களைத் தூண்டும் புதிய மருந்துகள் இவ்வகைக் கட்டிகளிலேயே சிறப்பாக வேலை செய்கின்றன. எல்லாப் புள்ளிகளும் நற்செய்தி சொல்வனவல்ல. கட்டி முழுவதிலும் புள்ளிகள் பெரிதும் குறைந்திருந்தால் ஆயுள் குறைவதை 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. இவையெல்லாம் பலரை வைத்துக் கணித்தவை. தனி ஒருவரின் தலையெழுத்தாகாது. இரத்தத்தில் மிதந்து வரும் இத்தகைய புள்ளியொன்றைக் கொண்டு நோயைத் தேடும் பரிசோதனைக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆயினும் பெருங்குடலை உட்காட்டியாற் பார்ப்பதற்கு அது ஈடாகவில்லை.

அந்தப் பையனிடம் நான் முதலிற் கேட்டது, "வைத்தியர் குடும்ப வரலாறு கேட்டபோது என்ன சொன்னீர்கள்?" என்பது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தகப்பனாரின் தமையனார் இளவயதில் வயிற்றுநோயால் இறந்ததை அங்கே ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். 2011-இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, இலங்கையின் முழு நீளத்தையும் கால்நடையாகக் கடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்கள். தெற்கிலிருந்து நடந்து வந்தவர்கள் பகிரங்கமாகச் சொன்ன நோயின் பெயரை, நாம் வீட்டுக்குள்ளேயே குசுகுசுக்கிறோம். பரம்பரை வகையாகவே இருந்தால்தான் என்ன? அறிந்த பிள்ளை இருபத்தைந்து வயதிலிருந்தே ஒழுங்காகக் குடலை உட்காட்டியாற் பார்ப்பித்து, முளைகளை அவை புற்றாக மாறுமுன்னரே வெட்டி அகற்றுவிக்கலாம். அறியாத பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

மறுநாளே அவன் போய்ப் பெரியப்பாவின் கதையை வைத்தியரிடம் சொன்னான். வைத்தியர் அவனைக் கடியவில்லை, குறித்துக்கொண்டார். கட்டியின் துண்டு, பணம் கட்டி, மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. ஆறு கிழமை காத்திருந்தார்கள். அந்த ஆறு கிழமையும் தாயார் நல்லூர்க் கோயிலுக்குப் போய் வந்ததாக அறிந்தேன். மறுமொழி வந்தது: புள்ளி விழுந்த வகை, பி.ராப். மாற்றமும் உண்டு. பெரியப்பாவின் நோய் எதுவென்று இனி அறிவதற்கில்லை. ஆனால் தகப்பனாருடையது பிள்ளைகளுக்குச் செல்லும் வகையன்று என்று வைத்தியர் சொன்னார். நோய் இரண்டாங் கட்டத்தில் இருந்தபடியால் மருந்தேற்றலும் வேண்டாமென்று முடிவு செய்தார்கள். இப்போதும் தவறாமற் பரிசோதனைக்குப் போகிறார்.

அறிக்கையோடு மீண்டும் வந்தான். "மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவோ ரீச்சர்?" என்றான். சொல்லும்படிதான் கூறினேன். ஆயினும் அன்றிரவு எனக்கும் நித்திரை வரவில்லை.

பேச்சு முறியவில்லை. மாப்பிள்ளையின் தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தாராம்: "சம்பந்தியார் இப்ப வடிவாய்ச் சாப்பிடுகிறாரோ?" ஆனி மாதம் திருமணம் நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் மணப்பெண்ணின் தகப்பனார்தான் இருந்தார். பாயசம் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினார்.