நடந்து போகும் தூரம்



தோட்டத்தில் பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாமே லயத்திலிருந்து நடந்து போகும் தூரந்தான். தோட்ட வாழ்க்கையில் குறைகள் ஏராளம்; அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உப்பு வாங்க மோட்டார் வண்டி தேவைப்பட்டதில்லை.

தோட்டம் விற்கப்பட்டு, பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் நிலை வேறு. என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தாயாரை அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில் சந்தித்தேன். சன்னலைத் திறந்தால் எதிரே சந்தை, நடுவே நெடுஞ்சாலை. கடக்கும் பாலமோ வெகுதூரம் தள்ளி இருக்கிறது. "சந்தையைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் சார், போகத்தான் முடியலை. மகன் லீவு நாளிலே காடியிலே கூட்டிக்கிட்டுப் போவான்" என்றார். அந்தக் காடியின் மாதத் தவணைக்காகவே மகன் ஓவர்டைம் பார்க்கிறான்.

இது அந்த அம்மாளின் தலைவிதி அன்று. நகரை அமைத்த விதம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு ஓரிடம், தொழிற்சாலை ஓரிடம், கடைத்தெரு ஓரிடம் என்று பிரித்து, இடையில் அகலமான சாலைகளைப் போட்டார்கள். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. கோலாலம்பூரில் இலகு ரயில் ஓடத் தொடங்கியதோ 1996இல்தான். நெரிசல் என்று சாலையை அகலப்படுத்தினால், புதிய வண்டிகள் வந்து அதையும் நிரப்பிவிடுகின்றன.

மழையையும் பாருங்கள். பால்மரக் காட்டில் கொடிப்பயிரும் மண்குழிகளும் மழைநீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்கும். தாரும் சிமெண்டும் அப்படிச் செய்யா. பெய்த மழை அப்படியே கால்வாய்க்கு ஓடும். கோலாலம்பூரில் 2007இல் ஒரு சுரங்கம் திறந்தார்கள். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் மோட்டார் வண்டிகள் ஓடும். பெருவெள்ள நாளில் வண்டிகளை வெளியேற்றிவிட்டு வெள்ளத்தை விடுவார்கள். கெட்டிக்காரத்தனந்தான்!

வேறு வழி இல்லாமலில்லை. சிங்கப்பூரில் 1975இலேயே, காலை வேளையில் நகர மையத்துக்குள் நுழையும் காடிக்கு நாளொன்றுக்கு மூன்று வெள்ளி கட்டணம் விதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து ஏறி வந்தால் கட்டணமில்லை. 1987இல் எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியது. அங்குள்ள பல குடியிருப்புப் பேட்டைகளில் சந்தையும் உணவுக் கடையும் மாடியிலிருந்து இறங்கி நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன.

உங்கள் தோட்டம் கைமாறி, மாற்று வீடு தருகிறோம் என்று யாரேனும் வந்தால், எத்தனை அறை என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போவது? கிளினிக்குக்குப் பஸ் உண்டா? கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு? சாலையைக் கடக்க வழி எங்கே? இவற்றையும் கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன், வீட்டுப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் அந்த வழியை நடந்து பாருங்கள்.